வில்கமுவவில் ஒரு கிளாஸ் தண்ணீர்

கிளாஸ் என் கையில் இருந்தது. தண்ணீர் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. சிந்திவிடக் கூடாது என்று மறு கையையும் அடியில் கொடுத்துப் பிடித்திருந்தேன்.

"குடிங்க," என்றார் டிராக்டர்காரர். "நீங்க கை வெச்ச மெஷின்ல வந்த தண்ணிதானே? மொதல்ல நீங்க குடிச்சுக் காட்டுங்க. அப்புறம் இந்த வீட்டாளுங்க குடிக்கட்டும்."

அவருக்குப் பின்னால் ஊர்க்காரர்கள் சிலர் நின்றார்கள். எல்லாரும் எனக்கு முகம் தெரிந்தவர்கள். சிலருடைய அடுப்படி வரைக்கும் போய் வேலை செய்திருக்கிறேன். அன்றைக்கு ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கிளாஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வில்கமுவ வெயிலை மாத்தளை டவுனில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. காலையில் ரிவர்ஸ்டன் மலைப் பனியில் நனைந்த சட்டை, மலை இறங்கியதும் உடம்பிலேயே காய்ந்து, வேர்வை உப்பு பூத்துக் கிடந்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. கையில் தெளிந்த தண்ணீர். குடி குடி என்று எதிரே ஒரு கூட்டம்.

நான் நோன்பு பிடித்திருந்தேன்.

நோன்பு என்று சொன்னால், "பார்த்தீங்களா, நழுவுறான்" என்பார்கள். சொல்லாமல் குடித்துவிட்டால் நோன்பு போகும். நான் வீட்டைவிட்டுப் புறப்பட்டபோது என் மனைவி ஃபரீனா கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற கோலம் கண்ணுக்குள் வந்து நின்றது.

அந்த முற்றத்துக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைச் சொன்னால்தான் மிச்சம் விளங்கும்.

மலை ஏறி வந்தது எதற்கு?

நான் எழுதிவரும் இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு தம்பி, விற்பனை வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவராம், எழுதிக் கேட்டிருந்தார்: "முதல் சந்திப்பிலேயே ஆளை எப்படிப் பிடிப்பது?" எனக்கு அந்த வித்தை தெரியாது, தம்பி. எனக்கு அமைந்ததெல்லாம் நாலாவது ஐந்தாவது சந்திப்பில் அமைந்ததுதான்.

தண்ணீர் வடிகட்டும் இயந்திரம் விற்கும் கம்பெனியில் நான் சேர்ந்தபோது கண்டியில் எங்களுக்குப் பயிற்சி நடந்தது. குளிரூட்டிய மண்டபம். டை கட்டிய ஒருவர் வந்து பேசினார். "நோயைச் சொல்லுங்க. பொருள் தானாப் போகும்," என்றார். சிவப்பு மையில் சிறுநீரகம் அச்சடித்த விளம்பரத் தாள்களைக் கட்டுக்கட்டாகக் கொடுத்தார்கள்.

அந்தக் கட்டை நான் பிரிக்கவேயில்லை. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. என் வாப்பா கடைசிக் காலத்தில் நெடுநாள் படுக்கையில் கிடந்தவர். நோயாளி இருக்கும் வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வாசலுக்கு வருகிற யார் எதைச் சொன்னாலும் அந்த வீடு நம்பும். எண்ணெய் விற்பவன் சொன்னாலும் நம்பும், தாயத்துக் கட்டுபவன் சொன்னாலும் நம்பும். எங்கள் உம்மா அப்படி நம்பியதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

முதலில் என்னை அனுப்பியது ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் கோடியில் லெட்சுமி என்று ஓர் அம்மா. கொழுந்து பறிக்கப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். இயந்திரத்தைத் திறந்து காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். பிறகு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்டதற்கு, மேலே கல்லிடுக்கில் வரும் ஊற்றைக் காட்டினார். போய்ப் பார்த்தேன். வாயில் அள்ளி ஊற்றிக்கொண்டேன். ஐஸ் மாதிரி இருந்தது.

"அக்கா, இந்தத் தண்ணிக்கு நம்ம மெஷின் வாணாம். நல்லாக் கொதிக்கவெச்சுக் குடிச்சாப் போதும்," என்றேன்.

அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப என்னாத்துக்குங்க இத்தத் தூக்கிக்கிட்டு மல ஏறி வந்தீங்க?"

நானும் சிரித்தேன், அவரும் சிரித்தார். சாயத்தண்ணி, பால் இல்லாத தேநீர், ஊற்றிக் கொடுத்தார். குடித்துக்கொண்டிருக்கும்போது அவராகவே சொன்னார்: "எங்க அண்ணன் அறுவடைக் கூலிக்கு வில்கமுவப் பக்கம் போயிட்டு வந்தாருங்க. அங்க கேத்தலுக்குள்ள சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையாப் பூத்திருக்காம். சோறு ஆக்குனா வெறைச்சுப் போகுதாம். நீங்க அங்கதாங்க போகணும்."

ஒரு சாமானும் விற்காமல் மலை இறங்கினேன். ஆனால் போக வேண்டிய ஊரின் பெயர் கிடைத்துவிட்டது.

வேறு கம்பெனி மெஷின்

லெட்சுமி அக்கா சொன்ன மாதிரி வெள்ளை பூத்த, தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலை முதன்முதலில் நான் பார்த்தது வில்கமுவவில் சுமனபாலவின் வீட்டில்தான். உள்ளே விரலால் சுரண்டினால் வெள்ளைச் செதில் உதிர்ந்தது. கிவுல் தண்ணீர் என்று அந்த ஊரில் சொல்வார்கள். நம் ஆட்கள் உவர்த்தண்ணி என்போம்.

சுமனபால வயல் செய்கிறவர். நல்ல உயரம். பேச்சில் எப்போதும் ஒரு சிரிப்பு ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் நான் பார்த்த காலத்திலேயே கால் வீங்கத் தொடங்கியிருந்தது. செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த தடம் நெடுநேரம் மறையாது. சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

சுவரில் ஏற்கெனவே ஓர் இயந்திரம் தொங்கியது. வேறு கம்பெனிச் சரக்கு. அதன்மேல் சட்டியொன்றைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

"வித்தவங்க ஒரு வேன்ல வந்தாங்க. பாட்டெல்லாம் போட்டாங்க," என்றாள் அவர் மனைவி குசுமா. "மாட்டிட்டுப் போனவங்கதான். இப்ப ஃபோன் எடுத்தா அந்த நம்பர் இல்லைங்குது."

எங்கள் பேச்செல்லாம் சிங்களத்தில்தான். வருடங்கள் போனபின் எனக்கு அது தமிழில்தான் ஞாபகம் வருகிறது.

நான் என் பெட்டியைத் திறக்கவில்லை. அவர்களுடைய பழைய இயந்திரத்தைக் கழற்றினேன். உள்ளே இருக்கிற கார்ட்ரிட்ஜ், அதாவது தண்ணீரை வடிக்கிற வெள்ளைக் குழாய், கல்லாக இறுகிப்போயிருந்தது. அதன் பொருத்து வேறு அளவு. எங்கள் கம்பெனிக் குழாய் அதில் நுழையாது.

"இதுக்கு ஏத்தது என்கிட்ட இல்ல. தேடிக் கொண்டாறேன்," என்றேன்.

குசுமா தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலில் நம்பிக்கை ஒரு துளியும் இல்லை.

கொழும்பில் ஒரு கடையில் தேடி எடுத்தேன். அடுத்த முறை போய் மாட்டிக் கொடுத்தேன். தண்ணீர் கம்பியாக இறங்கியது. குசுமா அதைப் பிடித்து உடனே கேத்தலில் ஊற்றி அடுப்பில் வைத்தாள். சுமனபால என்னைப் பார்த்து, "நானா, நீங்க இன்னும் உங்க சாமானைக் காட்டவே இல்லையே," என்றார்.

"உங்களுக்குத்தான் ஒண்ணு இருக்கே, மல்லி."

அன்றிலிருந்து அவர் எனக்கு மல்லி, குசுமா எனக்கு நங்கி. தம்பி, தங்கச்சி என்று அர்த்தம். முஸ்லிம் ஆட்களை அவர்கள் நானா, அதாவது அண்ணன், என்பது வழக்கம்தான். ஆனால் வழக்கத்துக்குக் கூப்பிடுவதற்கும் உண்மையாகக் கூப்பிடுவதற்கும் உள்ள வித்தியாசம் காதுக்குத் தெரியும்.

அந்த வீட்டில் நான் எதையும் விற்கவில்லை. அந்த வீட்டைச் சுற்றி எத்தனையோ வீடுகளில் என் இயந்திரம் ஏறியது. சுமனபால யாரிடமும் பொருளைப் பற்றிச் சொன்னதில்லை. "இந்த ஆள் திரும்பி வருவான்" என்று மட்டும் சொல்வார். அந்தப் பக்கத்தில் அதற்குத்தான் மதிப்பு. பஸ்ஸே நினைத்தால் வரும், நினைத்தால் வராது.

நோன்பு மாதத்தில் ஒரு தடவை போனபோது குசுமா வழக்கம்போல் பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள். விஷயத்தைச் சொன்னேன். "தண்ணிகூடவா?" என்று திகைத்துப்போனாள். எச்சில்கூட விழுங்கக் கூடாதா, மயக்கம் வராதா, சின்னப் பிள்ளைகளும் இருப்பார்களா என்று கேள்வி மேல் கேள்வி. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அந்த மாதத்தில் நான் போனால் பாய் ஒன்றை நிழலில் விரிப்பாள். சாப்பிட எதுவும் வெளியே எடுக்க மாட்டாள். புறப்படும்போது மாம்பழமோ வாழைப்பழமோ என் பையில் வைத்து, "நேரம் வந்ததும் சாப்பிடுங்க" என்பாள்.

குறுக்கே வந்த ஏப்ரல்

2019 ஏப்ரலில், ஈஸ்டர் ஞாயிறன்று, தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அழுதவர்கள் எழுத வேண்டியது அது. எங்கள் வீட்டிலும் அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை.

வெடிக்கவைத்தவர்களின் பெயர்கள் எங்கள் பெயர்களைப் போலவே இருந்தன. அதன்பின் எங்கள் பெயர்களே எங்களுக்குப் பாரமாகிவிட்டன. பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. எங்கள் ஆட்களுடைய கடைகளில் வாங்க வேண்டாம் என்று பேச்சு பரவியது. சாப்பாட்டில் மருந்து கலக்கிறார்கள், தண்ணீரில் கலக்கிறார்கள், பிள்ளை பிறக்காமல் செய்கிறார்கள் என்று வாய்க்கு வாய் போயிற்று.

நான் விற்றதோ தண்ணீர் இயந்திரம்.

கம்பெனி மேலாளர் தொலைபேசியில் பேசினார். நல்ல மனுஷர்தான். தயங்கித் தயங்கிச் சொன்னார். "ரஸீன், கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் போக வாணாம். வேற ஆளை அனுப்புறேன். இல்லாட்டி, பெயர் போட்ட பேட்ஜைக் கழட்டிட்டுப் போங்க."

"பேட்ஜைக் கழட்டினா அவங்களுக்கு நான் யாருன்னு தெரியாதா, சேர்?" என்றேன்.

வில்கமுவவிலிருந்து வரும் அழைப்புகள் நின்றுபோயின. நானாக அழைத்தாலும் மணி அடித்து ஓய்ந்தது. நோன்பு தொடங்கிய சில நாள்களில் குசுமாவிடமிருந்து அழைப்பு வந்தது.

"நானா, தண்ணி சொட்டுச் சொட்டா வருது. கார்ட்ரிட்ஜ் மாத்துற காலம் தாண்டிருச்சு போல. வர ஏலாட்டி பரவாயில்ல. சொல்லிடுங்க. நான் கெணத்துத் தண்ணியையே கொதிக்கவெச்சுக்கிறேன். அவருக்குத்தான்..."

அதோடு அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

ஃபரீனா சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்ததும் வந்து கதவை மறித்தாள்.

"போக வாணாம். என்ட வாப்பாட கடைக் கண்ணாடிய ஒடச்சது யாரு? தெரிஞ்ச ஆக்கள்தானே?"

"குசுமா கூப்பிட்டிருக்கா."

"குசுமா ஒரு ஆள். அந்த ஊர் முழுக்கக் குசுமாவா ஈக்கிது?"

போவதற்கு, வருகிறேன் என்று எப்போதோ ஒரு தடவை சொல்லிவிட்டேன் என்பதைத் தவிர வேறு காரணம் என்னிடம் இல்லை. கடைசியில் அவளே வழிவிட்டாள். என் நெஞ்சில் ஓதி ஊதினாள்.

வழியில் சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே நீள நீளமாக வெள்ளைக் குழாய்கள். ராணுவச் சிப்பாய் ஒருவர் ஒரு அடி பின்வாங்கினார். ஒவ்வொன்றாக எடுத்து, உறையைக் கிழித்து, மூடியைக் கழற்றி, உள்ளே தெரிவது வெறும் பஞ்சும் கரியும் என்று காட்டினேன். என் கை விரல்கள் கரியாகிவிட்டன. போகச் சொன்னார்கள். ரிவர்ஸ்டன் ஏற்றத்தில் பனி கொட்டியது. எதிரே வரும் வாகனம் பக்கத்தில் வந்தபின்தான் தெரிந்தது. யாரும் என்னைப் பார்க்க முடியாத அந்தப் பனிக்குள் போகும்போது மட்டும் நெஞ்சு கொஞ்சம் இளகியது.

முற்றம்

கடைச் சந்தியைத் தாண்டும்போதே கவனித்துவிட்டார்கள். நான் குசுமா வீட்டில் வேலையை முடிக்கும் நேரம் முற்றத்தில் மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன. முன்னால் வந்தவர் டிராக்டர் வாடகைக்கு விடுகிறவர். அவர் வீட்டிலும் என் இயந்திரம்தான் இருந்தது. நான்தான் மாட்டினேன்.

"என்ன மாட்டினீங்க? உள்ள என்ன இருக்கு?"

பழைய கார்ட்ரிட்ஜை அறுத்துக் காட்டினேன். புதியது எப்படி இருக்கும் என்று சொன்னேன். யாரும் கேட்கவில்லை. அவர் நேரே அடுப்படிக்குள் போய், குழாயைத் திறந்து, கிளாஸை நிரப்பிக்கொண்டு வந்து என் கையில் வைத்தார்.

அங்கேதான் இந்தக் கதையைத் தொடங்கினேன்.

எங்கள் மார்க்கத்தில் உயிருக்கு ஆபத்து என்றால் நோன்பை விடலாம். எனக்குத் தெரியும். அல்லாஹ் இரக்கமுள்ளவன், அதுவும் தெரியும். ஆனால் அந்த நிமிஷம் எனக்குப் பயத்தைவிட வேறொன்று பெரிதாக இருந்தது. இத்தனை வருஷம் வந்து போனதெல்லாம் ஒன்றுமில்லை, ஒரு மனுஷன் யார் என்று கடைசியில் ஒரு கிளாஸ் தண்ணீரைக் குடித்துத்தான் காட்ட வேண்டும் என்றால், இனி எந்த வீட்டுக்கும் போவதில் அர்த்தமில்லை என்று தோன்றியது.

என்றாலும் கிளாஸைத் தூக்கினேன். குசுமா அந்தத் தண்ணீரைத்தான் தன் புருஷனுக்குக் கொடுக்க வேண்டும். நான் குடிக்காவிட்டால் அந்த வீட்டை யாரும் சும்மா விடமாட்டார்கள். மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உதட்டருகே கொண்டுபோனேன்.

"குடிக்காதீங்க நானா."

சுமனபால. உள்ளே படுத்திருந்தவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தச் சில மாதங்களில் பாதியாகக் கரைந்திருந்தார். கையில் ஊசி போட்ட இடமெல்லாம் கன்றிக் கறுத்திருந்தது. மெதுவாக நடந்து வந்து என் கையிலிருந்த கிளாஸை வாங்கினார்.

"இவரு இப்ப குடிக்க மாட்டாரு," என்றார் கூட்டத்தைப் பார்த்து. "பொழுது சாயுற வரைக்கும் எச்சில்கூட முழுங்க மாட்டாரு. வருஷா வருஷம் இந்த வீட்டு நிழல்ல காய்ஞ்ச நாக்கோட ஒக்காந்திருக்காரு. எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது, ஏன்னா நீங்க யாரும் கேட்டதில்ல."

சொல்லிவிட்டுக் குடித்தார். நிறுத்தாமல், கடைசிச் சொட்டு வரைக்கும்.

டிராக்டர்காரர் அசையவில்லை. "உனக்கென்ன," என்றார். "நீ எப்படியும் நோயாளி."

அந்த வார்த்தை விழுந்ததும் பின்னால் நின்றவர்களில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். குசுமா புருஷன் கையிலிருந்து கிளாஸைப் பிடுங்கினாள். உள்ளே போனாள். நிரப்பிக்கொண்டு வந்தாள். டிராக்டர்காரருக்கு நேர் எதிரே நின்று குடித்தாள். குடித்து முடித்து, காலிக் கிளாஸை அவர் முன்னால் நீட்டினாள்.

"நான் நோயாளி இல்ல," என்றாள்.

ஒரு மோட்டார் சைக்கிள் புறப்பட்டது. பிறகு மற்றவையும். டிராக்டர்காரர் கடைசியாகப் போனார். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

கூட்டம் போனபின் சுமனபால தள்ளாடி நாற்காலியில் சரிந்தார். குசுமா அவர் வாயைத் துடைத்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அவருடைய நோய்க்கு இஷ்டம்போலத் தண்ணீர் குடிக்கக் கூடாது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று டாக்டர் அளந்து கொடுத்திருந்தார். தாகம் எடுத்தால் ஐஸ் துண்டை நாக்கில் வைத்துக்கொள்வார். அந்த அளவில் பெரும் பங்கை எனக்காக ஒரே மூச்சில் குடித்துவிட்டார்.

"இன்னிக்கு இனி டீ கெடையாது," என்றாள் குசுமா, அழுகையை அடக்கிக்கொண்டு, அதட்டுகிறாற்போல.

"போகட்டும்," என்றார் அவர். "நானாவும் டீ குடிக்க மாட்டாரு, நானும் குடிக்க மாட்டேன்."

மலை வளைவில்

யானை இறங்கும் பாதை என்பதால் வெயில் இருக்கும்போதே புறப்பட்டேன். குசுமா ஒரு போத்தலில் அந்தத் தண்ணீரை நிரப்பி, துணியில் சுற்றி, பையில் வைத்துவிட்டாள்.

ரிவர்ஸ்டன் வளைவில் ஏறும்போது மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கிவிட்டது. அங்கே நோன்பு துறக்க அழைக்கும் பாங்கு கேட்காது. காற்றுச் சத்தம்தான். மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்தி, கல்லொன்றில் உட்கார்ந்து, நேரம் ஆனதை உறுதிப்படுத்திக்கொண்டு துணியை அவிழ்த்தேன். பிஸ்மி சொல்லி வாயில் வைத்தேன்.

எத்தனையோ பேருக்கு அந்தத் தண்ணீரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். கசப்பு போகும், கனம் குறையும் என்று. நாள் முழுக்கக் காய்ந்த நாக்கால் அதைக் குடித்தது அன்றுதான். கல்லில் உட்கார்ந்தபடியே அழுதேன். பனி வந்து எல்லாவற்றையும் மூடியது.

வீட்டில் ஃபரீனா கஞ்சியைச் சூடு ஆறாமல் மூடி வைத்துக் காத்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். கஞ்சியை ஊற்றி என் முன்னால் வைத்தாள். "அந்த மனுஷனுக்காகத் துஆ கேக்கணும்," என்றாள் பிறகு. அந்த மாதம் முழுக்கத் தொழுகைக்குப் பின் அந்தப் பிரார்த்தனையைக் கேட்டாள். எங்கள் பிள்ளைகளின் பெயர்களோடு சுமனபால என்ற பெயரும் எங்கள் வீட்டில் ஒலித்தது.

திறக்காத கதவுகள்

அந்த முற்றத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். வாழ்க்கை அவ்வளவு தாராளமில்லை.

பல வீடுகளில் என் இயந்திரத்தைக் கழற்றிவிட்டார்கள். ஒரு வீட்டில் அதன் வெளிக்கூட்டில் கோழிக்குத் தவிடு வைத்திருந்ததைப் பார்த்தேன். ஒன்றும் கேட்காமல் வந்துவிட்டேன். சில வீடுகளில் பெண்கள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "இப்ப வாணாம் நானா, அவரு ஏசுவாரு," என்றார்கள். சில வீடுகள் மெதுமெதுவாகத் திரும்பி வந்தன. டிராக்டர்காரர் வீட்டுக் கதவு எனக்கு இன்றுவரை திறக்கவில்லை. அவர் வீட்டில் இப்போது என்ன தண்ணீர் குடிக்கிறார்கள் என்றும் எனக்குத் தெரியாது.

கம்பெனி அந்தப் பகுதியை வேறு ஆளுக்குக் கொடுத்தது. நான் விலகி, மாத்தளைச் சந்தைப் பக்கம் சின்னதாக ஓர் இடம் எடுத்து, எந்தக் கம்பெனி இயந்திரமானாலும் பழுது பார்த்துக் கொடுக்கத் தொடங்கினேன். இன்றைக்கும் அதுதான் தொழில். பழுது பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் புதிது வாங்கும்போது என்னைக் கேட்டுத்தான் வாங்குகிறார்கள். கேள்வி கேட்ட தம்பிக்கு என்னால் காட்ட முடிந்த கணக்கு இவ்வளவுதான்.

சுமனபால வீட்டுக்கு மட்டும் தவறாமல் போய்வந்தேன். அவர் அடுத்த வருஷம் காலமானார். கிளினிக் போய்த் திரும்பிய நாளில், தூக்கத்திலேயே.

தானத்துக்குப் போன நாள்

செத்த வீட்டுக்கு ஃபரீனாவும் வருகிறேன் என்றாள். நான் எதிர்பார்க்கவில்லை. பாதையெங்கும் துக்கத்துக்கு வெள்ளைக் கொடி கட்டியிருந்தார்கள். தலையில் முக்காட்டோடு அவள் உள்ளே நுழைந்தபோது சில முகங்கள் திரும்பின. குசுமா எழுந்து வந்து அவள் தோளில் சாய்ந்துவிட்டாள். இருவரும் அதற்கு முன் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஒருவர் பாஷை மற்றவருக்குச் சரளமும் இல்லை. ஃபரீனா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

இறந்து மூன்று மாதமானதும் பிக்குமாருக்கு உணவு படைக்கும் தானத்துக்கும் போனோம். பிக்குமார் உண்டு போனபின், வந்தவர்கள் பந்தியில் உட்கார்ந்தார்கள். நான் முற்றத்து ஓரத்தில் நின்றேன். குசுமா என்னைத் தேடி வந்தாள். வெள்ளைச் சேலை. முகம் இறுகியிருந்தது. பக்கத்தில் சில பெண்கள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்கள்.

"நானா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க நங்கி."

"நல்ல தண்ணி இன்னும் முந்தியே, அவரு வாலிபமா இருக்கிறப்பவே கெடைச்சிருந்தா, பொழைச்சிருப்பாரா?"

பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றது. அந்தப் பெண்களின் வீடுகளிலும் அதே கிணற்றுத் தண்ணீர்தான். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். ஆமாம் என்றால் அன்று மாலைக்குள் அந்தப் பாதை முழுக்க இயந்திரம் கேட்டிருப்பார்கள். இல்லை என்றால் குசுமாவின் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியிருக்கும். இரண்டையும் சொல்ல எனக்கு நா வரவில்லை. அந்த நோய் எதனால் வருகிறது என்று படித்தவர்களே இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

"எனக்குத் தெரியாது நங்கி," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தபடியே நின்றாள்.

"எல்லாரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க," என்றாள். "உரம்ங்குறாங்க. பூச்சிமருந்துங்குறாங்க. போன பிறவிங்குறாங்க. கெணத்தை ஆழமா வெட்டச் சொன்னது நான்தான், அதாலதான் தண்ணி கெட்டுச்சுன்னு அவரோட அக்கா சொல்றாங்க. ராவெல்லாம் அதுவே தலைக்குள்ள சுத்துது." முந்தானையால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "நீங்க தெரியாதுன்னு சொன்னா, அது தெரியாததுதான். இனி யார்கிட்டயும் கேக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு, ஃபரீனாவுக்கு யாராவது சோறு போட்டார்களா என்று பார்க்க உள்ளே போனாள்.